பன்மொழி வலைப்பதிவு கட்ட எது வசதி: ஆஸ்ட்ரோவா, சானிட்டியா, பேலோடா?

சிங்கப்பூரில் ஏப்ரலில் தமிழ்மொழி விழா நெருங்கும்போது ஒரே மாதிரிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். வாசகர் வட்டம், பெற்றோர் குழு, துணைப்பாட ஆசிரியர், குடியிருப்பாளர் குழு என்று கேட்பவர்தான் மாறுவார். “தமிழில் எழுதுகிறோம். ஆங்கிலத்திலும் கொஞ்சம் வேண்டும். முடிந்தால் மலாய், சீனமும் சேர்க்க வேண்டும். நெக்ஸ்ட்ஜேஎஸ் நல்லதா, ஆஸ்ட்ரோ நல்லதா? எந்த சிஎம்எஸ் வைத்துக்கொள்வது?”

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃப்ரேம்வொர்க், அதாவது ஆஸ்ட்ரோ, நெக்ஸ்ட் போலப் பக்கங்களைக் கட்ட உதவும் நிரல் சட்டகம் பற்றிய முடிவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லையென்றால் அதைப் பிறகு மாற்றலாம். வேலை அதிகம், ஆனால் முடிகிற வேலை. மொழிபெயர்ப்புகளை சிஎம்எஸ் (பதிவுகளை எழுதி நிர்வகிக்கும் மென்பொருள்) எப்படிச் சேமித்து வைக்கிறது என்பது அப்படியல்ல. முந்நூறு பதிவுகள் சேர்ந்த பிறகு அதை மாற்ற நினைத்தால், புதிதாகத் தொடங்குவதே மேல் என்று தோன்றும்.

ஹெட்லெஸ் சிஎம்எஸ் புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்கு ஒரு வரி: எழுதிச் சேமிக்கும் இடத்தை மட்டும் அது தரும். வாசகர் பார்க்கும் பக்கத்தை ஆஸ்ட்ரோ, நெக்ஸ்ட் போன்ற ஒன்றைக் கொண்டு நாமே கட்டிக்கொள்ள வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

மொழிகள் எல்லாம் ஒரே வேகத்தில் வருமா? வராது. சிங்கப்பூர்க் குழுக்கள் நடத்தும் தளங்களில் பெரும்பாலும் தமிழ்க் கட்டுரை முழுதாக வரும். ஆங்கிலத்தில் மூன்று பத்திச் சுருக்கம் இரண்டு வாரம் கழித்து வரும். மலாயும் சீனமும் நிகழ்ச்சி அறிவிப்புக்கு மட்டும் வரும். நான்கு அதிகாரத்துவ மொழிகளும் சமமாக நிற்கும் தளத்துக்கு மொழிபெயர்க்கச் சம்பளம் கொடுக்க ஆள் வேண்டும். உங்களிடம் அது இருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்படாது.

மொழிகளைச் சேமிக்க இரண்டு வழி உண்டு. முதல் வழியில் பதிவு ஒன்றுதான். அதற்குள் தலைப்புக்குத் தமிழ்ப் பெட்டி, ஆங்கிலப் பெட்டி, உள்ளடக்கத்துக்கும் அப்படியே. கான்டென்ட்ஃபுல், பேலோட் இந்த வகை. இதில் நிகழ்ச்சியின் தேதி, இடம், படம் எல்லாவற்றையும் ஒருமுறை போட்டால் போதும். சிக்கல் வெளியிடும்போது வரும். தமிழ் தயார், ஆங்கிலம் பாதியில் நிற்கிறது என்றால், பதிவை வெளியிடும்போது பாதி ஆங்கிலமும் சேர்ந்தே வெளியே போய்விடலாம். அதைத் தடுக்க அந்தந்த சிஎம்எஸ்ஸில் தனி ஏற்பாடு வேண்டும்.

இரண்டாம் வழியில் மொழிக்கு ஒரு பதிவு. அவற்றைப் பின்னணியில் ஒன்றோடொன்று இணைத்து வைப்பார்கள். ஸ்ட்ராப்பி இப்படித்தான் வேலை செய்கிறது. சானிட்டியில் அதற்கென ஒரு செருகுநிரல் இருக்கிறது. தமிழ்ப் பதிவு இன்று வெளிவரலாம், ஆங்கிலம் அடுத்த மாதம் வரலாம், மலாய் வராமலே போகலாம்; யாருக்கும் யாரும் தடையில்லை. ஆனால் நிகழ்ச்சியின் நேரம் மாறினால் நான்கு இடத்தில் திருத்த வேண்டும், யாரோ ஒருவர் சீனப் பக்கத்தை மறந்துவிடுவார். ஸ்ட்ராப்பியில் மட்டும், மொழிக்கு மொழி மாறாத புலம் என்று குறித்துவைத்தால் அது எல்லா மொழிக்கும் பொதுவாக இருக்கும்.

ஆக, கட்டுரைக்கு மொழிக்கொரு பதிவு. அறிவிப்பு, இடம், ஆசிரியர் குறிப்பு போன்றவற்றுக்கு ஒரே பதிவில் எல்லா மொழியும். ஒரே தளத்துக்குள் இரண்டையும் கலந்து வைப்பதில் தவறில்லை. இந்தக் கலப்பு எவ்வளவு எளிதாக முடிகிறது என்பதுதான் என் முதல் அளவுகோல்.

யார் தட்டச்சு செய்யப்போகிறார்? ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கைப்பேசியில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியதை ஒருவர் ஒட்டப்போகிறாரா, அல்லது எழுதுபவரே நேராக உள்ளே வருவாரா? இரண்டாவது என்றால் எழுதும் திரை சுலபமாக இருந்தே ஆக வேண்டும்.

கட்டியவர் போன பிறகு? தன்னார்வலராகக் கட்டிக்கொடுத்த பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் கட்டாய தேசிய சேவைக்குப் போய்விடுவார். வேலையில் இருப்பவர் வேலை மாறுவார். அதன்பின் யாரும் தொடாமல் தளம் ஓராண்டு ஓடுமா என்று பாருங்கள்.

பணமும் வெளியேறும் வழியும். மாதச் சந்தா கண்ணுக்குத் தெரியும். தெரியாத செலவுகளை ஒவ்வொன்றின் கீழும் சொல்கிறேன்.

## ஆஸ்ட்ரோ, மார்க்டவுன் கோப்பு, டெக்காப்

மலிவான வழி இது. கட்டுரைகள் கிட்ஹப் என்ற கோப்புக் களஞ்சியத் தளத்தில் மார்க்டவுன் கோப்புகளாக, அதாவது எளிய குறிகளோடு எழுதிய உரைக்கோப்புகளாக இருக்கும். ஆஸ்ட்ரோ அவற்றை எச்டிஎம்எல் பக்கங்களாக்கும். நெட்லிஃபை சிஎம்எஸ் என்ற பெயரோடு இருந்து 2023இல் பெயர் மாறிய டெக்காப் சிஎம்எஸ், அந்தக் கோப்புகளுக்கு மேல் ஒரு எழுதும் திரையைக் கொடுக்கும்.

மொழி விஷயத்தில் இந்தச் சேர்க்கை நினைப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. டெக்காப்பில் மொழிக்கு ஒரு கோப்புறை, மொழிக்கு ஒரு கோப்பு, எல்லா மொழியும் ஒரே கோப்பில் என்று மூன்று அமைப்பையும் தேர்ந்துகொள்ளலாம். தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கம்பக்கமாக வைத்துத் திருத்தலாம். ஆஸ்ட்ரோவுக்குள் மொழிவாரி முகவரி அமைப்பு 2023 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது. மொழிபெயர்ப்பு இல்லாத பக்கத்துக்குப் பதிலாக வேறு மொழிப் பக்கத்தைக் காட்டும் வசதியும் அதில் உண்டு. அதைப் பயன்படுத்தாதீர்கள் என்பேன். மலாய் இணைப்பை அழுத்தியவருக்குத் தமிழ்ப் பக்கம் வந்து நின்றால் தளம் கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார். மொழிபெயர்ப்பு இல்லையென்றால் இணைப்பையே காட்டாமல் விடுவது நல்லது.

வாசகர் பக்கத்துக்கு ஆஸ்ட்ரோ தானாக ஜாவாஸ்கிரிப்ட் எதையும் அனுப்புவதில்லை. எம்ஆர்டி ரயிலில் சுரங்கத்துக்குள் போகும்போதும் பக்கம் சட்டென்று திறக்கும். இன்னொரு நன்மையை யாரும் சொல்வதில்லை. டாட் எஸ்ஜி (.sg) என்று முடியும் சிங்கப்பூர்த் தளங்களை 2019 முதல் தேசிய நூலக வாரியம் தனித்தனியாக அனுமதி கேட்காமலே சேகரித்துக் காப்பகப்படுத்தலாம். அப்படிச் சேகரிக்கும்போது சாதாரண எச்டிஎம்எல் பக்கம் சேதமில்லாமல் போய்ச் சேரும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால்தான் தெரியும் பக்கத்துக்கு அந்த உறுதி கிடையாது.

மறைந்திருக்கும் செலவு எழுதுபவர் பக்கம் இருக்கிறது. பொதுவாக அவருக்கு ஒரு கிட்ஹப் கணக்கு வேண்டும். நெட்லிஃபை என்ற ஹோஸ்டிங் சேவை அல்லாத இடத்தில் தளத்தை வைத்தால், உள்நுழைவுக்கு ஒரு சிறு சேவையை நீங்களே அமைக்க வேண்டும். “வெளியிடு” என்று அழுத்தியபின் தளம் மறுபடி கட்டப்பட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டும். தேதிப் புலம் காலியாக இருந்தது போன்ற சின்னக் காரணத்தால் கட்டுமானம் தோற்றுப்போனால், எழுதியவருக்கு எதுவும் தெரியாது. பதிவு வரவில்லை என்று மட்டும் தெரியும். அந்தத் தோல்விச் செய்தி யார் மின்னஞ்சலுக்குப் போகும் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். அப்புறம் படங்கள். நிகழ்ச்சிக்கு நாற்பது படம், ஒவ்வொன்றும் 5 எம்பி என்று கிட்ஹப்பில் ஏற்றிக்கொண்டே போனால் களஞ்சியம் வீங்கிவிடும்.

வெளியேறும் வழியைப் பற்றிக் கவலையே இல்லை. கோப்புகள் உங்களுடையவை, பழைய பதிப்புகள் அனைத்தும் கிட்டில் இருக்கின்றன.

## நெக்ஸ்ட்ஜேஎஸ்ஸோடு சானிட்டி

எழுதுபவர்கள் ஐந்தாறு பேர், அவர்களில் யாருக்கும் தொழில்நுட்பம் வேண்டாம் என்றால் இது முன்னுக்கு வரும். சானிட்டி நார்வேயின் ஆஸ்லோவில் தொடங்கிய நிறுவனம். எழுதும் திரை திறந்த மூலம். தரவு மட்டும் அவர்களுடைய மேகத்தில் இருக்கும். இருவர் ஒரே பதிவை ஒரே நேரத்தில் திருத்தலாம். சேமிக்க மறந்து எழுதியது போயிற்று என்ற புலம்பல் இங்கே வராது.

மொழிக்கு இரண்டு வழியும் திறந்திருக்கின்றன. கட்டுரைக்கு மொழிக்கொரு ஆவணம் உண்டாக்கும் செருகுநிரல். இடப்பெயர், குறிச்சொல் போன்ற குட்டிப் புலங்களுக்கு ஒரே ஆவணத்துக்குள் மொழிகளை அடுக்கும் இன்னொரு செருகுநிரல். நான் மேலே சொன்ன கலப்பு இங்கே இயல்பாக அமைகிறது. கட்டுரை உடலையும் அடுக்கு முறையில் வைத்தால் எல்லா மொழியும் ஒரே ஆவணத்துக்குள் வந்து, ஒன்றாகவே வெளியாகும். நீண்ட உரைக்கு அது வேண்டாம்.

செலவுகளுக்கு வருவோம். உரை போர்ட்டபிள் டெக்ஸ்ட் என்ற ஜேசான் வடிவில் சேமிக்கப்படுகிறது. ஏற்றுமதி செய்வது சுலபம், ஒரே கட்டளையில் எல்லாம் கோப்பாக வந்துவிடும். ஆனால் அதை வேறொரு சிஎம்எஸ்ஸுக்குள் கொண்டுபோக மாற்றி எழுத வேண்டும். சேமித்த தரவைக் கேட்டு எடுக்க க்ரோக் என்ற அவர்களுடைய மொழியைக் கற்க வேண்டும். பொது டேட்டாசெட்டில் (பொதுவில் திறந்திருக்கும் தரவுத் தொகுப்பில்) வெளியிட்ட எதையும் யாரும் படிக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். உறுப்பினரின் கைப்பேசி எண், பிள்ளைகளின் பள்ளி விவரம் போன்றவற்றை அங்கே வைத்தால், 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை நீங்களே வீட்டுக்கு அழைக்கிறீர்கள்.

நெக்ஸ்ட் பக்கத்தில் ஒரு வம்பு இருக்கிறது. 2020இல் வந்த 10ஆம் பதிப்பில் மொழிவாரி முகவரி உள்ளேயே இருந்தது. பிறகு வந்த ஆப் ரவுட்டர் என்ற புதிய பக்க அமைப்பு முறையில் அது கிடையாது. மொழிக்கென ஒரு கோப்புறைப் பகுதி, வழிமாற்றும் நிரல், நெக்ஸ்ட்-இன்டில் போன்ற ஒரு நூலகம் என்று நாமே சேர்க்க வேண்டும். அந்த வழிமாற்றும் நிரலுக்கு இருந்த மிடில்வேர் என்ற பெயரே 16ஆம் பதிப்பில் ப்ராக்ஸி என்று மாறியது. 15இல், எடுத்த தரவைத் தற்காலிகமாகச் சேமித்துவைக்கும் கேஷ் பழக்கம் மாறியது. நிறுவனத்தில் முழுநேர நிரலர் இருந்தால் இதெல்லாம் வழக்கமான வேலை. தன்னார்வலர் தளத்துக்கு இது வட்டி.

ஹோஸ்டிங்கில் ஒன்று. நெக்ஸ்ட் தளங்களைப் பலரும் வைக்கும் வெர்செல் சேவையின் இலவச ஹாபி திட்டம் வணிகமல்லாத தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும். துணைப்பாட வகுப்புக்கு ஆள் சேர்க்கும் தளம் அதில் அடங்காது.

## நெக்ஸ்ட்ஜேஎஸ்ஸுக்குள்ளேயே பேலோட்

பேலோட் 2024 நவம்பரில் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து நெக்ஸ்ட் செயலிக்குள்ளேயே நிறுவிக்கொள்ளும் சிஎம்எஸ். தளமும் எழுதும் திரையும் ஒரே செயலி, தரவுத்தளம் உங்களுடையது. திறந்த மூலம். 2025இல் ஃபிக்மா அதை வாங்கியது.

நிரலருக்கு இது இனிக்கும். ஒரு புலத்தின் மேல் மொழிபெயர்க்கத்தக்கது என்று ஒரு வரி எழுதினால் போதும். இல்லாத மொழிக்கு மாற்று மொழியைக் காட்டுவதும் அமைப்பிலேயே உண்டு. ஆனால் அடிப்படை முதல் வழி, அதாவது ஒரே பதிவுக்குள் எல்லா மொழியும். குறிப்பிட்ட மொழியை மட்டும் வெளியிடும் தெரிவு பின்னால் வந்திருக்கிறது. எழுதுபவர் ஐந்து பேரும் ஒவ்வொரு முறையும் சரியான பொத்தானை அழுத்துவார்கள் என்று நம்ப முடிந்தால் சரி. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. கட்டுரைக்கு மட்டும் மொழிப் புலம் ஒன்று வைத்து, தனித்தனிப் பதிவாக்கி, இணைப்பை நாமே எழுதுவது மேல்.

செலவு என்று பார்த்தால் சந்தா இல்லை, ஆனால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், படங்களைச் சேமிக்க ஓர் இடம், காப்புப்பிரதி, புதுப்பிப்பு எல்லாம் உங்கள் தலையில். தரவுத்தளத்தைச் சிங்கப்பூரில் வைத்துவிட்டு, வெர்செலில் செயல்படும் வட்டாரத்தை மாற்ற மறப்பவர்கள் உண்டு. அங்கே இயல்பாக அமைந்திருப்பது வாஷிங்டன். தரவுத்தளத்துக்குப் போகும் ஒவ்வொரு கேள்வியும் பூமியைச் சுற்றிவிட்டு வரும். பக்கம் மந்தமாகத் திறக்கும். குற்றம் சிஎம்எஸ் மேல் விழும்.

புதுப்பிப்பு என்று சொன்னது வெறும் பேச்சுக்கு இல்லை. 2025 டிசம்பர் தொடக்கத்தில் நெக்ஸ்ட் பயன்படுத்தும் ரியாக்ட் சர்வர் காம்போனென்ட்களில் மிகக் கடுமையான பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளியானது. ஆப் ரவுட்டரில் சர்வரோடு ஓடும் நெக்ஸ்ட் தளங்களை உடனே புதுப்பிக்க வேண்டியிருந்தது. இங்கே அது பள்ளி விடுமுறைக் காலம்; தன்னார்வலர் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். சர்வரே இல்லாத நிலையான பக்கங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை. பேலோடைத் தேர்ந்தால் டிசம்பரிலும் தொலைபேசியை எடுக்கும் ஒருவர் வேண்டும்.

## ஸ்ட்ராப்பியும் மற்றவையும்

ஸ்ட்ராப்பி பிரான்சில் பிறந்த திறந்த மூல சிஎம்எஸ். 2024இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பன்மொழி வசதி உள்ளேயே சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு மொழிக்கும் தனி வரைவு, தனி வெளியீடு. மொழி அமைப்பை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் என் முதலிடம் இதற்குத்தான். குறை, எப்போதும் விழித்திருக்கும் ஒரு சர்வர் வேண்டும். இலவச சர்வர்களில் சில, ஆள் வராதபோது தூங்கிவிடும். எழுத வந்தவர் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆஸ்ட்ரோவோடு சேர்த்தால் வாசகர் பக்கம் இதனால் பாதிக்கப்படாது, அது ஏற்கெனவே கட்டி முடித்த பக்கம்.

கான்டென்ட்ஃபுல் பெரிய நிறுவனங்களுக்கு. எத்தனை மொழி என்பதற்கே திட்டவாரியாக வரம்பு இருப்பதால், நான்கு மொழி ஊரில் கணக்கைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வேர்ட்பிரஸ் ஹெட்லெஸ் இல்லாமலேயே போதுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். பன்மொழிக்கான பாலிலாங் செருகுநிரலோடு, பல குழுக்களுக்குப் போதும்.

| | ஆஸ்ட்ரோ + டெக்காப் | நெக்ஸ்ட் + சானிட்டி | நெக்ஸ்ட் + பேலோட் | ஆஸ்ட்ரோ + ஸ்ட்ராப்பி |
|---|---|---|---|---|
| மொழிகள் வெவ்வேறு நேரத்தில் வெளிவருவது | எளிது | எளிது | கவனம் தேவை | மிக எளிது |
| தேதி, இடத்தை ஒருமுறை மாற்றினால் போதுமா | அமைப்பைப் பொறுத்தது | தனி ஆவணமாக வைத்தால் ஆம் | ஆம் | பொதுப் புலமானால் ஆம் |
| எழுதுபவருக்கு வசதி | சுமார் | நன்று | நன்று | நன்று |
| மாதச் செலவு | டொமைன் மட்டும் | சிறு தளத்துக்குக் குறைவு, வளர்ந்தால் ஏறும் | தரவுத்தளம், சேமிப்பிடம் | சர்வர் |
| ஓராண்டு யாரும் தொடாவிட்டால் | ஓடும் | வாசகர் பக்கம் ஆபத்தில் | ஆபத்து | வாசகர் பக்கம் ஓடும் |
| வெளியேறுவது | மிக எளிது | மாற்றி எழுத வேண்டும் | தரவு கையில், வடிவம் மாற்ற வேண்டும் | தரவு கையில் |

## யாருக்கு எது

ஒருவர் எழுதி ஒருவர் ஏற்றும் வாசகர் வட்டத்துக்கு ஆஸ்ட்ரோவும் டெக்காப்பும். யோசிக்கவே வேண்டாம். பல பேர் எழுதும், வாரம் இரண்டு மூன்று பதிவு வரும் இதழ் போன்ற தளத்துக்குச் சானிட்டி. ஆனால் நெக்ஸ்ட் கட்டாயமில்லை. 2024 டிசம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து ஆஸ்ட்ரோ வெளி சிஎம்எஸ்களிலிருந்து உள்ளடக்கத்தை இழுக்க நல்ல வழி தருகிறது. உறுப்பினர் உள்நுழைவு, பதிவுப் படிவம், கட்டணம் என்று வலைப்பதிவைத் தாண்டிய வேலைகள் இருந்து, சம்பளத்தில் நிரலரும் இருந்தால் பேலோட். தகவல் வெளியாரின் மேகத்தில் இருக்கக் கூடாது என்று நிர்வாகக் குழு சொன்னால் ஸ்ட்ராப்பி.

## எதைத் தேர்ந்தாலும் தமிழ் கேட்கும் வேலை

முகவரி முதலில். பதிவின் தலைப்பிலிருந்து முகவரியை உண்டாக்கும் பல நிரல்கள் லத்தீன் அல்லாத எழுத்துகளைத் தூக்கி எறிந்துவிடும்; காலி முகவரி கிடைக்கும். எழுத்துகளை மட்டும் வைத்துக்கொள் என்று யூனிகோடு விதி எழுதினாலும் துணைக்குறிகள் எழுத்தாகக் கணக்கில் வராததால் “தமிழ்” என்பது “தமழ” ஆகிவிடும். துணைக்குறிகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். அப்படிச் சரிசெய்தாலும், “சிங்கப்பூர்” என்ற ஒரே சொல் வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது சதவீதக் குறிகளாக விரிந்து 99 எழுத்து நீளத்துக்குப் போகலாம். டாட் சிங்கப்பூர் என்ற தமிழ் டொமைன் 2011 முதலே இருக்கிறது, பெருமையான விஷயம்தான். ஆனாலும் பதிவு முகவரிகளை ஆங்கில எழுத்தில் கையால் எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பிலிருந்தும் பழைய கோப்புகளிலிருந்தும் ஒட்டிய உரையில் “கொ” இரண்டு விதமாக இருக்கலாம்: ஒற்றைக் குறியாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் அகப்படாது. சேமிக்கும்போதே, ஒற்றைக் குறியாகச் சேர்க்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிடுங்கள். ஒரே வரி நிரல்.

உலாவியின் மொழியைப் பார்த்து வாசகரைத் தானாக வழிமாற்றாதீர்கள். இங்கே தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர் கைப்பேசியை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள். தமிழ் இணைப்பை அழுத்தியவரை ஆங்கிலப் பக்கத்துக்குத் தள்ளுவதைப் போல எரிச்சல் வேறில்லை. மேலே மொழிப் பெயர்களை அந்தந்த எழுத்தில் காட்டினால் போதும். கொடி வேண்டாம், தமிழுக்கு எந்தக் கொடியைப் போடுவீர்கள்?

பக்கத்தின் மொழிக் குறியை ஒவ்வொரு மொழிக்கும் சரியாகப் போடுங்கள். திரைவாசிப்பான் அதைப் பார்த்துத்தான் குரலைத் தேர்கிறது. பேஜ்ஃபைண்ட் என்ற தேடல் கருவியும் அதை வைத்துத்தான் மொழிக்கொரு அட்டவணை கட்டுகிறது. “வீடு” என்று தேடுபவருக்கு “வீட்டில்” உள்ள கட்டுரையும் வருகிறதா என்று சோதித்துப் பாருங்கள். வெறும் எழுத்தொப்புமைத் தேடலில் வராது.

எழுத்துருவில் தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை ஏற்றிக்கொண்டு, வரி இடைவெளியை ஆங்கிலத்தைவிடச் சற்றுக் கூட்டுங்கள். சீனத்துக்கு எழுத்துரு ஏற்ற வேண்டாம், கைப்பேசியில் இருப்பதே போதும். ஏற்றினால் பல எம்பி.

கடைசியாக, வாட்ஸ்அப்பில் இணைப்பைப் பகிரும்போது தோன்றும் படம். நெக்ஸ்ட்டில் தலைப்பிலிருந்து அதைத் தானாக வரையும் வசதி சடோரி என்ற கருவியை நம்பியிருக்கிறது. எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் ஓபன்டைப் வசதிகளை அது ஆதரிப்பதில்லை. தமிழில் கொம்பு இடம் மாறி நிற்கலாம். தலைப்பில் “கெ”, “கொ”, “கை” மூன்றும் வருமாறு ஒரு சோதனைப் பதிவு போட்டுப் பாருங்கள். உடைந்தால், தமிழ்ப் பதிவுகளுக்கு உண்மையான உலாவியைக் கொண்டு திரையைப் படம் பிடித்துச் சேமிப்பது ஒரு வழி. நிகழ்ச்சிப் படத்தையே போட்டுவிடுவது அதைவிடச் சுலபமான வழி.